ஆறு அங்குலம்

பாம்பன்,
ஜனவரி 8

அன்பு மகன் அந்தோணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். வாடைக் காற்று இன்னும் ஓயவில்லை.

கனடாவில் சிம்கோ ஏரியின் பனிக்கட்டி மேல் நீ ட்ரௌட் மீனோடு நிற்கும் படத்தை உன் தங்கை காட்டினாள். அவ்வளவு பெரிய மீனைத் தூண்டிலில் எடுத்தது எனக்குப் பெருமைதான். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அது செவ்வாய்க்கிழமை பகலில் எடுத்த படம் என்று அவள் பிறகு சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் பனிக்கட்டியைப் பற்றி அவளைப் படித்துக் காட்டச் சொன்னேன். நான்கு அங்குலத் தெளிந்த கட்டி ஓர் ஆளைத் தாங்கும் என்று மீன் பிடிப்பவர்களிடையே ஒரு கணக்கு இருக்கிறதாம். கனடாச் செஞ்சிலுவைச் சங்கமோ தனியாக நடப்பவனுக்கே 15 செ.மீ. வேண்டும் என்கிறது. அது ஆறு அங்குலம். நீ ஆறையே வைத்துக்கொள். அதுவும் நீலம் பாய்ந்த தெளிந்த கட்டிக்கான கணக்கு. பால்போல வெளுத்த கட்டிக்கு அதில் பாதி வலுத்தான் உண்டு என்பதால், வெளுத்திருந்தால் இரு மடங்கு கனம் வேண்டும். மேலே பனி மூடிக்கிடந்தால் நிறமும் தெரியாது, கட்டியும் சீக்கிரம் கனக்காது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ட்ரௌட் குளிர்ந்த ஆழ்நீரை நாடும் மீன். அதைத் தேடுகிறவன் ஆழமான பக்கத்துக்கே போவான். ஆழமான பக்கம்தான் கடைசியில் உறைகிறது. நன்னீர் 4 டிகிரியில் மிகக் கனமாகிக் கீழே இறங்குவதால், அடிவரை அவ்வளவு குளிர்ந்த பிறகுதான் மேற்பரப்பு உறையத் தொடங்கும். உன் ஏரியின் தெற்கே ஆழமில்லாத குக்ஸ் விரிகுடா முன்பே உறைந்திருக்க, ஆழமான கெம்பன்பெல்ட் விரிகுடா நெடுநாள் உறையாமல் கிடக்கும் என்றால் காரணம் இதுதான். ஓரிடத்தில் கால் தாங்கியது என்பதற்காக மற்றோரிடத்தை நம்பாதே. ஆற்று முகத்துவாரத்திலும், ஊற்று இருக்கும் இடத்திலும், நீரோட்டமுள்ள இடுக்கிலும் கட்டி மெலிந்தே இருக்கும். பாம்பன் வாய்க்காலில் நீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றையும் கவனி. கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்று கட்டியைப் பிளந்து, ஆளோடு தள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வல்லத்தை இறக்க மாட்டோம். அங்கே உனக்குக் கூண்டு ஏற்றுபவர் யார்?

கையில் கனத்த கடப்பாரை இருக்கட்டும். சில அடிக்கொரு முறை ஓங்கிக் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வை. இடையிடையே துளையிட்டு அளந்து பார். கயிற்றில் கோத்த கூர்முனைப் பிடிகள் இரண்டைக் கழுத்தில் போட்டுக்கொள். மிதவைச் சட்டையும் வேண்டும். விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சை நிதானப்படுத்தத்தான். கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம் என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில், வந்த வழி உன்னைத் தாங்கிய வழி என்பதால் அந்தப் பக்கமே திரும்பி, பிடிகளைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறு. ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே வா.

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் கயிறு வீச ஓர் ஆள் இல்லையென்றால் என்ன பயன்? கடலுக்குத் தனியாகப் போகிறவனைத் திட்டித் திட்டியே என் தொண்டை போனது உனக்குத் தெரியும். வேலை நாளில் துணைக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் சனி, ஞாயிறு வரை பொறுத்துக்கொள். மற்ற நாட்களில் மனம் கரையில் நிற்காவிட்டால் எனக்குப் பேசு. விடியற்காலை என்றாலும் விழித்துத்தான் இருப்பேன். எதையும் கேட்க மாட்டேன், மீனைப் பற்றியே பேசலாம்.

தனியாக மட்டும் போகாதே. பிடிகளும் சட்டையும் வாங்கப் பணம் இடித்தால், இந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். நண்டுக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது.

அன்புடன்,
அப்பா