எப்போது தூங்கினீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர் நான். 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்கிறேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைத் தேடச் சொல்லும் அட்டை இன்றும் கனவில் வருகிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர் எஞ்சினில் ஏறவே கூடாது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடர் இரவுப் பணி முடித்துக் கண்ணெரிச்சலோடு நின்ற என்னிடம், கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று எந்த மருத்துவரும் கேட்டதில்லை.

பரிசோதனையில் தகுதி குறைந்தால் மாற்றுப் பணி உண்டு, ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் மைலேஜ் படி இல்லை. அந்தப் பயத்தில் நானே ஓராண்டு சர்க்கரை நோயை (வீட்டிலும்கூட) மறைத்தேன். பரிசோதனையில் உறக்கத்தையும், உறக்கக் கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடிய குறட்டையையும் விசாரியுங்கள். உண்மை சொல்பவரின் வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

– ஓய்வுபெற்ற லோகோ பைலட், ஈரோடு