கடவுளை ஓட்டுக்கு விட்ட நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல் சட்ட முகப்புரை பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'மதச்சார்பற்ற' என்பது 1976-ல், நெருக்கடி நிலையின்போது 42-வது திருத்தத்தில் செருகப்பட்டது, அதனால் நாட்டை உருவாக்கியவர்களுக்கு அந்த எண்ணமே கிடையாது என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். முதல் பாதி சரி. 1948 நவம்பரில், அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில், கே.டி. ஷா என்ற உறுப்பினர் அந்தச் சொல்லை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி, அம்பேத்கரே ஏற்கவில்லை என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம், அவர் வாதத்துக்கு இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த பாதிக்குத் தாவுவதற்கு முன்னால், 1949 அக்டோபர் 17 அன்று அதே சபையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

அன்றுதான் முகப்புரை விவாதத்துக்கு வந்தது. 'கடவுளின் பெயரால்' என்று அதைத் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார் எச்.வி. காமத். உடனே அசாமின் ரோகிணி குமார் சௌத்ரி எழுந்து, நான் காமாக்யா தேவியைக் கும்பிடுகிற காமரூபத்துக்காரன், தேவியை விட்டுவிட்டால் எப்படி என்றார் (நிஜமாகவே கேட்டாரா, காமத்தின் காலை வாரினாரா, எனக்கு இன்றும் பிடிபடவில்லை). கடவுளை ஓட்டெடுப்புக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. கடைசியில் ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றுப்போனார்.

சரி, அந்த 68 பேரும் நாத்திகர்களா? அப்படி மேடையில் முழங்குகிறவர்களும் நம்மிடம் உண்டு, அதுவும் தப்பு. அன்று எதிர்த்துப் பேசிய பட்டம் தாணுப்பிள்ளை தெய்வ நம்பிக்கை உள்ளவர். 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்த அவருடைய ஆட்சியில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டை நாங்கள் இன்னும் மறக்கவில்லை, அவரைப் பாராட்டி எழுதக் கை வரவில்லைதான். இருந்தாலும் அன்று அவர் சொன்னது நியாயம். எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் இதை எழுதிவைத்தால் நம்பாதவனையும் கட்டாயப்படுத்தியது ஆகும், நம்பவும் நம்பாமலிருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்றார். எண்ணம், நம்பிக்கை, வழிபாடு எல்லாவற்றிலும் சுதந்திரம் என்று அதே முகப்புரையில் எழுதிவிட்டு, அதன் தலையிலேயே ஒரு நம்பிக்கையை ஏற்றிவைப்பது முரண் என்பதுதான் இன்னொரு உறுப்பினரான எச்.என். குன்ஸ்ருவின் வாதமும்.

மதத்தின் மேல் வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. பதவிப் பிரமாணத்தில் கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம், இரண்டுக்கும் இடம் வைத்தார்கள், தமிழ்நாட்டு அமைச்சர்கள் இரண்டு விதமாகவும் பதவியேற்றுப் பார்த்திருக்கிறோம். அப்புறம், 290-ஏ என்று ஒரு பிரிவு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, இங்கே வந்துசேர்ந்த பழைய திருவிதாங்கூர்க் கோவில்களுக்காக ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் அரசு தர வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, கேரள அரசு தர வேண்டியது 46.5 லட்சம். மன்னராட்சியில் கோவில் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்ட பழைய கணக்கு அது. முகப்புரையில் கடவுள் பெயர் வேண்டாம் என்ற அதே சட்டத்தில்தான் கோவில் பணத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது.

கட்டுரையாளர் இதையெல்லாம் வைத்துக்கொண்டும் தன் முடிவுக்கே வரலாம், அது அவர் இஷ்டம். அந்த ஒரு நாள் விவாதத்தை மட்டுமாவது தமிழில் முழுசாக வெளியிட உங்கள் இதழ் நாலு பக்கம் ஒதுக்குமா?

- ஒரு வாசகர், நாகர்கோவில்