கழித்த சுருள்களையும் காப்பாற்ற வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முந்தைய தலைமுறைகளின் நகர வாழ்க்கையைப் பதிவு செய்த ஆவணப்படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், வெளியான படங்களை மட்டும் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றினால் போதும் என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. தோளில் சுமக்கக்கூடிய, 16 மி.மீ. அகலப் படச்சுருளில் பதியும் கேமராவும் அதனுடன் ஒத்திசைந்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் 1960களில் பரவலான பிறகுதான், படக்குழுவினர் தெருவில் காத்திருந்து, நடப்பதை நடந்தபடியே, பேச்சொலியுடன் படமாக்க முடிந்தது. அவ்வாறு எடுத்தவற்றில் பெரும்பகுதி படத்தொகுப்பு மேசையிலேயே கழிக்கப்பட்டுவிட்டது.

காப்பகம் ஒன்றில் பணியாற்றியபோது, அப்படிக் கழிக்கப்பட்ட ஒரு சுருளில், பொதுத் தொலைபேசி வரிசையில் நின்ற பெண் ஒருவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுவதையும், பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்ப்பதையும் கண்டேன். அன்றைய காத்திருப்பை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் எழுத்தை நான் வாசித்ததில்லை. அந்தப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த வினிகர் நெடி, அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன அச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டதன் அடையாளம். ஆகவே, கழித்த சுருள்களையும் அவற்றின் ஒலிநாடாக்களையும் முதலில் குளிரறைக்கு மாற்றி, எடுத்த நாள், தெரு, ஒளிப்பதிவாளர் பெயர் ஆகியவற்றுடன் பட்டியலிடக் காப்பகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பக ஊழியர்