பூட்டிய வீடும் குடியிருந்தவரும்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. ஆழ்கடல் நத்தைகளை வெற்று ஓட்டைக்கொண்டு நான் வகைப்படுத்துவது, பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக் குடியிருந்தவரின் குலம் கோத்திரம் சொல்வது போன்றது என்று கேலி செய்திருக்கிறாய். அதில் பாதி நியாயம் இருக்கிறது; மறுபாதிக்குத்தான் இந்தப் பதில்.

அரபிக்கடலில் ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து வாரிய சேற்றைச் சல்லடையில் அலசினால் எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரிசிமணி அளவிலான, நிறமற்ற வெற்று ஓடுகளே. ஈரத் தூரிகை நுனியில் ஒட்டியெடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்ததும் நான் முதலில் பார்ப்பது உச்சியைத்தான். நத்தை வாய்ப்பக்கமாகவே ஓட்டைக் கட்டிக்கொண்டு போவதால், அதன் குஞ்சுப் பருவத்து ஓடு உச்சியிலேயே தங்கிவிடுகிறது. அங்கே நெருக்கமான சிறு சுற்றுகள் மூன்று நான்கு இருந்தால், குஞ்சு நெடுநாள் நீரில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்தது என்று கொள்ளலாம். பருத்த ஒன்றரைச் சுற்று மட்டும் இருந்தால், முட்டையில் தாய் வைத்த கருவுணவே அதை வளர்த்திருக்கும். போன வாரம் அப்படியோர் உச்சியை இடுக்கியால் உடைத்துவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் எப்படி வளர்ந்தது என்பது வேறு, யாருக்கு உறவு என்பது வேறு. கதிர்போல் நீண்ட ஓடும் வெளியுதட்டில் ஒரு வெட்டும் இருந்தால் டர்ரிடே குடும்பத்தில் போட்டுவிடுவது நெடுங்கால வழக்கம். 2011-இல் நத்தை ஆய்வாளர் புஷேயும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுவையும், நத்தையின் வாயிலுள்ள பல் பதிந்த உறுப்பான பல்நாக்கையும் சேர்த்துப் பார்த்து அந்த ஒரு குடும்பத்தைப் பதின்மூன்றாகப் பிரித்தார்கள். காலி ஓட்டில் பல்நாக்குக்கு எங்கே போவேன்? காலி ஓட்டில் குடியேறும் துறவி நண்டு வேறெங்கோ இருந்து சுமந்து வந்த ஓடாகவும் அது இருக்கலாம்.

உன் கட்சிக்கு வலுச்சேர்க்கும் கதை ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். வட அட்லாண்டிக்கில் கிடைத்த தொப்பி வடிவ ஓடு ஒன்றை 1896-இல் டோட்சன்பர்க், பிஷர் என்னும் ஆய்வாளர் இருவரும் பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட் நத்தை என்று எண்ணி ஸோகிராஃபி எனப் பெயரிட்டார்கள். 1952-இல் டென்மார்க்கின் கலத்தேயா கப்பல் கோஸ்டாரிகாவுக்கு அப்பால் பசிபிக்கில் 3,500 மீட்டருக்கும் கீழிருந்து நியோபிலினா என்னும் ஓட்டுயிரை உயிருடன் எடுத்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக நம்பப்பட்ட மோனோபிளக்கோபோரா என்னும், நத்தைகளிலிருந்து வேறான மெல்லுடலி வகுப்பைச் சேர்ந்தது அது. ஸோகிராஃபியும் நத்தையே அன்று, இவ்வகுப்பினதே என்று தெரிய 1983 ஆயிற்று. இதிலும் எனக்கொரு பிடி இருக்கிறது: கல்லாய்ப்போன ஓடுகளில் அவ்வகுப்பை முதலில் இனங்காட்டியவை, உட்புறத்தில் இணை இணையாகப் பதிந்திருந்த தசைத் தழும்புகள்தாம். வீட்டின் உட்சுவரில் அடையாளம் இருக்கத்தான் செய்கிறது, கணேசா. வாசலோடு நின்றுவிட்டால் அதற்கு ஓடு என்ன செய்யும்?

உச்சி உடைந்த அந்த ஓட்டின் குப்பிச் சீட்டில் குடும்பப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நீ வரும்போது எடுத்து வைக்கிறேன். உதட்டு வெட்டு எந்த அளவு ஆழம் என்பதை உன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்