மேஜர் எழுதிக்கொடுக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜரை, அதாவது உன் முதன்மைப் பாடத்தை, சொல்லியாக வேண்டும் என்றாய். உளவியல் எடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் நாலு வருஷம் படித்ததும் கவுன்சலர் ஆகிவிடலாம் என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். அது நடக்காதும்மா. அமெரிக்காவில் தனியாக மனநலச் சிகிச்சை தர லைசென்ஸ் வேண்டுமானால் குறைந்தது முதுகலை வேண்டும். சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள பெரும்பாலும் முனைவர் பட்டமே கேட்பார்கள்.

பிறகு இந்தப் படிப்பு எதற்கு? அமெரிக்க உளவியல் சங்கம் 2013-இல் தந்த வழிகாட்டியில் ஐந்து நோக்கங்கள் இருந்தன: பாட அறிவு, அறிவியல் முறையில் ஆராய்வது, நெறியும் சமூகப் பொறுப்பும், எழுத்தும் பேச்சும், வேலைக்குத் தயாராவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் உயிர். மனிதர்களைப் பற்றி நமக்குச் சட்டென்று தோன்றுவதை, "ஆதாரம் எங்கே?" என்று நம்மிடமே கேட்கப் பழக வேண்டும்.

அதற்கு உன் கல்லூரி மாதிரிச் சின்ன இடம்தான் தோது. முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை உங்கள் கைக்கே வரும். சின்னக் கல்லூரியில் ஆய்வு நடப்பது புதிதல்ல: அமெரிக்காவின் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் மேரி கால்கின்ஸ் என்ற உளவியலாளர் 1891-லேயே உளவியல் ஆய்வகம் தொடங்கிவிட்டார். பெண் என்பதால் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. ஆனாலும் 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்கே முதல் பெண் தலைவரானார்.

அறிமுகப் பாடம் முடிந்த அடுத்த செமஸ்டரிலேயே புள்ளியியலை எடு. அதன்பின் ஆய்வு முறையியல். மனநோய்கள் பற்றிய பாடம் சுவாரஸ்யமாக இருக்கும், அதனால் எல்லோரும் அதற்கு முதலில் ஓடுவார்கள். புள்ளியியலைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளினால் தீஸிஸ் (ஆய்வேடு) நேரத்தில் திண்டாட்டம்தான்.

ஆய்வு செய்யும்போது எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறாய், வித்தியாசம் நடுத்தர அளவு என்று வை. அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் தேவை. கிடைத்தவர்கள் போதும் என்று 20 பேரோடு நிறுத்தினால் வாய்ப்பு சுமார் 34 சதவீதமாகக் குறைந்துவிடும். வித்தியாசம் இருந்தும் கண்ணில் படாமல் போகும். இன்னொரு பக்கம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து அளவைகளைச் சோதித்து, ஏதாவது ஒன்றில் p மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததும் அதை மட்டும் எழுதினால், உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும் ஏதோ கண்டுபிடித்ததாகத் தோன்ற 23 சதவீத வாய்ப்பு. 2015-இல் வெளியான ஒரு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் மறுபடி தெளிவான முடிவு வந்தது. இந்தப் பழக்கங்களும் அதற்கு ஒரு காரணம். எதை அளப்பாய், எத்தனை பேர், எந்தச் சோதனை என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தொடங்கு.

கேள்வித்தாளிலும் கவனம். "விடுதி அறையும் சாப்பாடும் திருப்தியா?" என்று கேட்டால் "இல்லை" என்பவருக்கு எது பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? இரண்டாகப் பிரித்துக் கேள். முதலில் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரி.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிக் குழுவின் அனுமதியை வெறும் சடங்கு என்று நினைக்காதே. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் ஆய்வாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு இறுகிய விதிகள் இவை. அனுமதிக்கு முன் எடுத்த தரவைப் பின்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் சகஜம், அதனால் தீஸிஸ் எழுதும் வருஷத்துக்கு முந்தைய வசந்த செமஸ்டரிலேயே விண்ணப்பத்தைத் தயார் செய்.

அட்வைசரைப் பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேள்: அவர் ஆய்வகத்தில் மாணவர்கள் தரவு சேகரிப்பதோடு சரியா, பகுப்பாய்வும் செய்கிறார்களா? தீஸிஸ் எழுத எந்தெந்தப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும்? பதிலைக் கேட்டுக்கொண்டு, மீதி செமஸ்டர்களின் பாடப் பட்டியலை எழுதி அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா