பொருத்தாத வாட்டர் பம்புக்குப் பெற்ற கட்டணம் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 1998ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் காரில் மாற்றப்படாத உதிரிபாகங்களுக்குப் பணம் பெற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் என் காரை டைமிங் பெல்ட் மாற்றுவதற்காகத் தங்கள் பழுதுபார்ப்பு நிலையத்தில் விட்டேன். டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் மாற்றியதாகக் குறிப்பிட்டு, கூலியும் சேர்த்து 860 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) ரசீது தந்தீர்கள். இவற்றுள் பெல்ட் மட்டும்தான் புதியது. டென்ஷனரும் வாட்டர் பம்பும் என் காரில் முன்பிருந்த அதே பழைய பாகங்கள். கவுன்ட்டரில் இருந்த தங்கள் ஊழியர் முதலிலிருந்தே என்னிடம் தமிழில் பேசி வந்ததால், இப்புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தீவு விரைவுச்சாலையில் சென்றுகொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியது. இந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூடேறிய நிலையில் சிறிது தூரம் ஓட்டினாலே அது வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும் என்பதால், உடனே சாலையோரம் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் காரை அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் சென்றது. தங்கள் நிலையத்தில் அன்று எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே அங்கிருந்து 90 வெள்ளி கொடுத்து, காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்குக் காரைக் கொண்டுசேர்த்தேன்.

மறுநாள் அவர் டைமிங் கவரைக் கழற்றியபோது நானும் அருகில் நின்றிருந்தேன். வாட்டர் பம்பின் தண்டுக்குக் கீழே இருக்கும் சிறு கசிவுத் துளையிலிருந்து கூலன்ட் வழிந்து, காய்ந்து, வெண்பச்சைப் பொருக்காகப் படிந்திருந்தது. பம்பின் உள்சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் நான் இக்கடிதத்தை எழுதக் காரணம் கசிவு அன்று. என் காரில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், அதன் மீது வெள்ளை பெயின்ட் பேனாவால் ஆண்டையும் அப்போதைய கிலோமீட்டரையும் எழுதிவைப்பது என் வழக்கம். அந்தப் பம்பின் உடலில் "2017 – 336,000" என்று என் கையெழுத்து அப்படியே இருந்தது. டென்ஷனரின் பக்கவாட்டிலும் அதே எண்கள் இருந்தன. அதன் பேரிங்கை விரலால் சுழற்றினால் மணல் அரைபடுவது போன்ற உறுமல் கேட்டது. தங்களிடம் கார் வந்தபோது அது ஓடியிருந்த தூரம் 427,000 கிலோமீட்டர். பாகங்களைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்த படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

பெல்ட் மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றுவது ஏன் என்று ஒரு பழுதுபார்ப்பு நிறுவனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கோரும் தொகைக்கு அதுவே அடிப்படை என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெல்ட்தான் பம்பையும் சுழற்றுகிறது. பம்பைத் தொட வேண்டுமானால் இன்ஜின் மவுன்ட்டை எடுத்து, லேசில் அசையாத அந்த கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்தி, கவர்களைக் கழற்றி, பெல்ட்டையும் இறக்கியாக வேண்டும். அதாவது செலவில் பெரும்பகுதி கூலிதான். ஒரே கூலியில் முடிய வேண்டிய வேலைக்கு நான் இரண்டு முறை கூலி கொடுத்திருக்கிறேன். அதைவிட, கூலன்ட் பெல்ட்டின் மீது ஊறி அது அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே பாழாகியிருக்கும். பெல்ட்டை மட்டும் முறையாக இழுத்துப் பொருத்தியிருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது தங்கள் ஊழியர் சொன்ன பதில்: "அண்ணே, பழைய வண்டின்னா அப்படித்தான். ஏதாவது ஒண்ணு போய்க்கிட்டேதான் இருக்கும்." பிறகு வந்த குறுஞ்செய்தியில், 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். எனக்குத் தந்த ரசீதில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. தவிர, உத்தரவாதம் என்பது பொருத்திய பாகம் பழுதானால் எழும் பேச்சு. பொருத்தவே பொருத்தாத பாகத்துக்கும் காரின் வயதுக்கும் என்ன தொடர்பு?

வயதைப் பற்றித் தாங்களே பேச்செடுத்ததால் இதையும் சொல்கிறேன். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை இந்தக் காருக்கு 2008இலும் 2018இலும் பத்துப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறேன். முதல்முறை புதுப்பித்தபோதே, பதிவை நீக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கழிவுத்தொகையை இழந்தேன். 14 ஆண்டுகளைக் கடந்த கார் என்பதால் சாலை வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் செலுத்துகிறேன். ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். வேலைக்கு ரயிலில்தான் செல்கிறேன். இந்தக் கார், ஞாயிறு காலையில் லிம் சூ காங் பக்கம் ஓட்டிவிட்டு வந்து, மாலையில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நேரம் போக்குவதற்காக வைத்திருப்பது. என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை என்பது வேறு விஷயம். இவ்வளவு செலவு செய்து பழைய காரை வைத்திருப்பவன், அது பழையது என்பதை அறியாதவன் அல்லன். பழையது என்பதால்தான் பாகம் பழுதாகும் முன்பே, ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டும் முன்பே, மாற்றச் சொல்லிப் பணம் கட்டினேன். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு ஓட்டிச் சென்றிருந்தால் இதே வேலை குறைந்த செலவில் முடிந்திருக்கும். எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தருகிறீர்கள் என்பதற்காகவே தங்களிடம் வந்தேன்.

ஆகவே பின்வரும் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசீதில் பம்புக்கும் டென்ஷனருக்கும் வாங்கிய 210 வெள்ளி, காக்கி புக்கிட்டில் மீண்டும் கொடுத்த கூலி 380 வெள்ளி, காரை இழுத்துச் சென்ற செலவு 90 வெள்ளி, ஆக மொத்தம் 680 வெள்ளி. அங்கு வாங்கிய புதிய பம்ப், டென்ஷனரின் விலையை நான் கேட்கவில்லை. அவை எப்படியும் என் காருக்கு வேண்டியவை. அத்துடன், மாற்றாத பாகங்கள் மாற்றப்பட்டதாக ரசீதில் எப்படி இடம்பெற்றன, அவ்வேலையை முடிந்ததாகச் சரிபார்த்தவர் யார் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். தொலைபேசி விளக்கம் இனி வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் அளிப்பதோடு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலும் மனுத் தாக்கல் செய்வேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும் என்பதும், அங்கு வழக்கறிஞர் தேவையில்லை என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கழற்றிய பம்பும் டென்ஷனரும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் தரப்பில் எவரேனும் நேரில் பார்க்க விரும்பினால், வார நாள்களில் மாலை ஏழு மணிக்கு மேல் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், படங்கள், காக்கி புக்கிட் பட்டறையின் ரசீது, இழுவை வாகன ரசீது