அயனித் திரவத்தை வீட்டில் கலந்து தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் அயனித் திரவம் (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு) பற்றி வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் கோலின் குளோரைடு என்ற உப்பையும் யூரியாவையும் வீட்டிலேயே உருக்கிக் கலந்து, அரிப்புக்குக் காப்பாக அலுமினியப் பொருள்களில் தடவலாம், பழைய பேட்டரியிலும் ஊற்றிப் பார்க்கலாம் என்று அதன் கடைசிப் பத்தி சொல்கிறது. தோட்டப்புறத்தில் யூரியா மூட்டை எல்லார் கைக்கும் எட்டும் பொருள். யாராவது செய்து பார்ப்பதற்குள் இதை எழுதிவிடுகிறோம்.

கலவை என்னவோ சரிதான். 100 கிராம் கோலின் குளோரைடுக்கு 86 கிராம் யூரியா. 80 பாகை செல்சியஸில் கிளறிக்கொண்டே இருந்தால் இரண்டு வெள்ளைப் பொடிகளும் தெளிந்த திரவமாகிவிடும், ஆறினாலும் இறுகாது. சூடு மிகுந்துபோனால் யூரியா சிதைந்து அம்மோனியா நெடி கிளம்பும். உர மூட்டை யூரியாவில் செய்தால் கலங்கலாகவே நிற்கலாம். பள்ளி அறிவியல் விழாவுக்கு அருமையான சோதனை. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் நிறைந்திருக்கும் குளோரைடு அலுமினியத்துக்கும் மக்னீசியத்துக்கும் எமன்.

செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கம்பில் அரிவாளை இறுக்கியிருக்கும் இரும்புக் கவ்வியைக் கழற்றிப் பார்த்தால் இது விளங்கும். கவ்விக்கு அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். துடைத்தால் ஊசி குத்தியதுபோல் குழிகள். இரும்பு தொட்டுக்கொண்டிருப்பது ஒரு காரணம். பொட்டாஷ் உரத்திலிருந்து ஒட்டும் குளோரைடு இன்னொன்று. அலுமினியத்தை இயல்பாக மூடியிருக்கும் ஆக்சைடு படலத்தை அது இடையிடையே உடைத்துவிடுகிறது. இதற்கு மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவது, காய விடுவது, கவ்விக்கும் கம்புக்கும் நடுவில் ரப்பர் துண்டு வைத்துக் கிரீஸ் பூசுவது. அவ்வளவுதான்.

மக்னீசியத்தின் பாடு இன்னும் மோசம். அதன் ஆக்சைடு, உண்டாகக் காரணமான உலோகத்தின் கன அளவில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான். போர்வை உடம்பைவிடச் சிறிது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மரியா ஃபோர்சைத், டக்ளஸ் மெக்ஃபார்லேன் குழுவினர் பாஸ்போனியம் வகை அயனித் திரவங்கள் காப்புப் படலம் தருமா என்று மக்னீசியக் கலப்பு உலோகங்களில் சோதித்தார்கள். உலோகத்தை நுண்ணிய மணல்தாளால் தேய்த்து, அசிட்டோனிலோ எத்தனாலிலோ துடைத்து, உலர்ந்த உடனேயே திரவத்தில் மூழ்கவிட வேண்டும். மணிக்கணக்கில் ஊறியபின் மிச்சத்தை எத்தனாலால் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் தங்கும். இது அரிப்பைத் தாமதப்படுத்தும், அடியோடு நிறுத்தாது. ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் போச்சு.

இங்கும் குளோரைடுதான் வில்லன். இந்தத் திரவங்கள் பலவும் குளோரைடு உப்பில் தொடங்கி அயனியை மாற்றித்தான் தயாராகின்றன. சரியாகக் கழுவாவிட்டால் மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். கழுவிய நீரில் சிறிது எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சில சொட்டு விட்டால், வெண்மையாகக் கலங்கும்வரை குளோரைடு இருக்கிறது என்று பொருள். எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்குத் தெரிந்த சோதனைதான்.

பேட்டரி விஷயத்தில் கட்டுரையின் ஆர்வம் புரிகிறது. இன்றைய லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் கரைப்பான்களில் ஒன்றான டைமெத்தில் கார்பனேட், 18 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊர் நிழலிலேயே 30 பாகை. அயனித் திரவமோ ஆவியாவதே அரிது. இன்றைய பேட்டரியின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தாங்கினால், அதன் இடத்தில் வைக்க நினைக்கும் லித்தியம் உலோகம் 3860 தாங்கும். பிரோலிடினியம் வகைத் திரவத்தில் லித்தியத்தை 99 விழுக்காட்டுக்கு மேல் திறனோடு திரும்பத் திரும்பப் படியவைக்க முடியும் என்று அதே குழு 2004-இல் காட்டியது. கேட்கப் பிரமாதம். ஆனால் சுற்றுக்கு (ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவதற்கு) ஒரு விழுக்காடு போனால், 100 சுற்றில் லித்தியத்தில் மிஞ்சுவது 37 விழுக்காடு. வணிகப் பேட்டரிக்கு இது போதாது.

எளிதாக ஓடும் இமிடசோலியம் வகையை லித்தியம் சிதைத்துவிடும். தாங்கும் பிரோலிடினியம் வகை அதைவிட இருமடங்குக்கு மேல் பிசுபிசுப்பு. லித்தியம் உப்பு சேர்த்தால் இன்னும் கெட்டியாகும், சார்ஜ் ஏறுவது மந்தமாகும். பேட்டரியின் இரு முனைகளையும் பிரித்து வைக்கும் வழக்கமான பாலிபுரோப்பிலீன் தடுப்புத்தாளை அது நனைப்பதும் இல்லை. ஆய்வகங்களில் கண்ணாடி இழைத் தாளைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஈரம். நீரோடு கலக்காத வகைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழை நாளில் மூடி திறந்து வைத்தால் முடிந்தது கதை. வெற்றிடத்தில் சூடாக்கி நாள்கணக்கில் உலர்த்தி, பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே ஈரம் இறங்கியதா என்று கார்ல் ஃபிஷர் முறையில் அளந்தபின், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள்தான் திறப்பார்கள். நைட்ரஜன் உதவாது, லித்தியம் அதனோடும் வினைபுரியும். ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் வகையில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். தோலையும் எலும்பையும் அரிக்கும் நஞ்சு.

எனவே மருந்தடிக்கும் பம்பின் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியோ, மோட்டார் சைக்கிள் பேட்டரியோ, மூடி உள்ளதானால் காய்ச்சி வடித்த நீர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். மூடியே இல்லாத வகையைத் திறக்கவே கூடாது. லித்தியம் பேட்டரியைப் பிரிப்பது தீயோடு விளையாடுவது. இதையும் அடுத்த ஞாயிறு பதிப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரசாயனத் துறை சார்ந்த வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்